கதை கேட்கத் தீவுக்குப் போகிறவர்களுக்கு: லட்சத்தீவில் கற்றுக்கொண்டவை

லட்சத்தீவு மக்களின் வாய்மொழிக் கதைகளையும் வழக்கங்களையும் கேட்டுப் பதிவு செய்வதற்காக அங்கே சில முறை சென்று வந்திருக்கிறேன். அதே நோக்கத்தோடு புறப்பட எண்ணுகிறவர்களுக்கு, எந்தத் தீவில் எதை, யாரிடம், எந்தப் பருவத்தில் கேட்பது என்பதைச் சொல்வதே இக்கட்டுரை. நீலநிறக் கடலின் அழகைப் பற்றி வேறு பலர் எழுதியிருக்கிறார்கள். அதற்கு இங்கே இடமில்லை.

முதலில் அளவு. மொத்தம் 36 தீவுகள். நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். மக்கள் வாழ்பவை 10. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 64,473. இந்தச் சிறிய எண்களைப் பார்த்து, ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று எண்ணக் கூடாது. தீவுக்குத் தீவு கப்பல் வழி, கப்பல் அட்டவணை, பேச்சு வழக்கு, குடும்ப வரலாறு ஆகிய அனைத்தும் வேறுபடுகின்றன. பழங்குடி மக்களின் நிலம் என்பதால் வெளியாட்கள் நுழைவதற்கு அனுமதிச் சீட்டு கட்டாயம். அதற்குக் காவல்துறைச் சான்று வேண்டும். சுற்றுலாத் தொகுப்பு வழியாக அல்லாமல் தனியாகச் செல்பவருக்குத் தீவுவாசி ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். விதிகள் அவ்வப்போது மாறுவதால், கொச்சி வில்லிங்டன் தீவில் உள்ள லட்சத்தீவு நிர்வாக அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டு பயணத் தேதியைக் குறிப்பது நல்லது. இந்த நடைமுறையைப் பலர் தொல்லையாகக் கருதுகிறார்கள். எனக்கு அது உதவியாகவே அமைந்தது. ஒருவர் பொறுப்பேற்றுவிட்டால் நாம் அவருடைய வீட்டின் விருந்தாளி ஆகிவிடுகிறோம், அதன் பிறகு அந்த வீட்டோடு உறவுள்ள வீடுகள் எல்லாம் நமக்குத் திறக்கின்றன, உறவில்லாத வீடுகளில் நாம் ஏன் தயக்கத்தோடு பார்க்கப்படுகிறோம் என்பதும் விளங்கிவிடுகிறது.

பருவம் அடுத்த செய்தி. மே மாத நடுவிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கலக்கும். பாய்மரக் காலத்தில் இந்த நான்கு மாதங்களும் தீவுகள் கரையிலிருந்து முற்றாகத் துண்டிக்கப்பட்டிருந்தன. கொப்பரையும் கயிறும் ஏற்றிக்கொண்டு மங்களூருக்கும் கோழிக்கோட்டுக்கும் சென்ற ஓடங்கள், மழைக்கு முன் அரிசியோடு திரும்பி வந்து கரையில் இழுத்துக் கட்டப்பட வேண்டும். தவறினால் ஊர் பட்டினி கிடக்கும். அவர்களுடைய கதைகளில் பாதி இந்த ஒரு கவலையைச் சுற்றி அமைந்தவை. திரும்பி வராத ஓடம், கடைசி மூட்டை அரிசி, மழைக்காலத்தில் பிறந்த குழந்தையின் முகத்தை மழை ஓய்ந்த பிறகே பார்த்த தகப்பன் என்று அவை நீளும். ஆகவே, போக்குவரத்து எளிதாக இருக்கும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் சென்றால் ஆட்கள் வேலையில் இருப்பார்கள், கதை கிடைப்பது அரிது. மார்ச் கடைசியில், கடல் இன்னும் அமைதியாக இருக்கும்போது சென்று, மழைக்கான ஆயத்தங்கள் தொடங்கும் நாட்களில் அங்கே இருப்பது நல்லது. அப்போது பெரியவர்கள் தாமாகவே பழைய மழைக்காலங்களைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். திரும்பும் கப்பல் தள்ளிப் போகலாம் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு, கையில் சில நாட்களை மிச்சமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

கப்பலிலிருந்து இறங்குவதைப் பற்றியும் ஒரு சொல். பல தீவுகளில் பெரிய கப்பல் பவளப் பாறைத்திட்டுக்கு வெளியே நின்றுவிடும். பக்கவாட்டுக் கதவு வழியாகச் சிறு படகில் மாற வேண்டும். படகு அலையோடு மேலே எழும் கணத்தில் படகுக்காரர்கள் இரண்டு பக்கமும் நம் தோளைப் பிடித்துத் தூக்கி இறக்குவார்கள். அந்த நேரத்தில் இரண்டு கைகளும் வெறுமையாக இருக்க வேண்டும். ஒலிப்பதிவுக் கருவியை நீர் புகாத உறையில் இட்டு முதுகுப் பையில் வைத்துக்கொள்வதே முறை. கையில் பிடித்துக்கொண்டு இறங்க முயல்பவர்கள் படகில் உள்ள எல்லோருக்கும் சங்கடம் கொடுக்கிறார்கள்.

தொடக்கக் கதையைக் கேட்டால் எந்தத் தீவிலும் ஏறத்தாழ ஒரே விடைதான் கிடைக்கும். கேரளத்தின் கடைசிச் சேர மன்னரான பெருமாள் மெக்காவுக்குப் போய்விட்டார்; அவரைத் தேடிக் கண்ணூரிலிருந்து புறப்பட்ட கப்பல் புயலில் சிக்கிப் பங்காரம் தீவில் ஒதுங்கியது; அங்கிருந்து அகத்திக்குச் சென்றவர்கள், காற்று தணிந்து ஊர் திரும்பும் வழியில் மற்றத் தீவுகளைக் கண்டார்கள்; பின்னர் குடியேற்றம் நடந்தது. இது வரலாறா என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. அமினி, கவரத்தி, ஆந்த்ரோத், கல்பேனி ஆகிய நான்கும் முதலில் குடியேறப்பட்டவை என்ற நினைவு இந்தக் கதையோடு சேர்ந்தே சொல்லப்படுகிறது, அந்த நான்கு தீவுகளின் பழைய குடும்பங்கள் மற்றத் தீவுக்காரர்களைவிடத் தங்களை ஒரு படி உயர்வாகக் கருதி வந்ததற்கு அதுவே ஆதாரமாகக் காட்டப்படுகிறது. கதை சொல்பவர் எந்தத் தீவினர், எந்தப் பிரிவினர் என்பதைக் குறித்துக்கொள்ளாமல் கதையை மட்டும் எழுதி வருபவர்கள் பாதியை விட்டுவிட்டு வருகிறார்கள். நில உடைமையாளர்களான கோயாக்கள், மாலுமிகளான மால்மிகள், தென்னை ஏறும் மேலாச்சேரிகள் என்ற பழைய பிரிவுகள் இன்று சட்டத்தில் பொருளற்றவை. கதை சொல்லும் குரலில் அவை இன்னும் கேட்கின்றன.

இஸ்லாம் வந்த கதைக்கு நாயகர் உபைதுல்லா. உறங்கியவரின் கனவில் நபிகள் தோன்றித் தொலைவில் உள்ள தீவுகளுக்குச் செல்லப் பணித்தார் என்றும், ஜித்தாவிலிருந்து ஏறிய கப்பல் உடைந்து, ஒரு பலகையைப் பற்றிக்கொண்டு அமினியில் கரையேறினார் என்றும் மரபு கூறுகிறது. அமினியின் தலைவன் அவரை விரட்டினான். ஊர்ப் பெண் ஒருத்தி அவரை விரும்பி, ஹமீதத் பீவி என்ற பெயர் ஏற்று மணந்துகொண்டாள். இருவரையும் கொல்லச் சூழ்ந்தவர்களின் பார்வை மங்கிப்போக, அவர்கள் தப்பி ஆந்த்ரோத்துக்குச் சென்றார்கள். அங்கே வரவேற்பு கிடைத்தது. பின்னர் மற்றத் தீவுகளுக்கும் சென்று, முன்பு விரட்டிய அமினியையும் மாற்றிவிட்டு, ஆந்த்ரோத்தில் அடக்கமானார். மரபு இதை ஹிஜ்ரி 41-இல் (கி.பி. 661 வாக்கில்) வைக்கிறது. வரலாற்றாசிரியர்கள் பலர் மதமாற்றத்தைப் பிந்திய நூற்றாண்டுகளில் வைக்கிறார்கள். அந்த வாதத்தை மேடையில் எழுப்புவதுபோலத் திண்ணையில் எழுப்புவது அநாகரிகம். இக்கதையை அமினியிலும் ஆந்த்ரோத்திலும் தனித்தனியே கேட்டுப் பார்க்கப் பரிந்துரைக்கிறேன். ஆந்த்ரோத்தில் விருந்தோம்பல் விரிவாகவும் விரட்டல் கூர்மையாகவும் வருகிறது, அமினியிலோ பெண்ணின் துணிவே கதையின் நடுவிடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

தொழுகைக்குப் பிறகு, ஊர்ப் பெரியவர்கள் சூழ்ந்திருக்க, பதிவுக் கருவியை நடுவில் வைத்து “கதை சொல்லுங்கள்” என்று கேட்டால் இந்த ஒழுங்குபடுத்தப்பட்ட கதைகளே வரும். வேறு கதைகள் வேலையோடு சேர்ந்து வருகின்றன. தேங்காய் மட்டையைக் காயலோரக் குழிகளில் மணலுக்குள் மாதக்கணக்கில் ஊறவைத்து, எடுத்து அடித்து, நாரைப் பிரித்துக் கயிறாகத் திரிப்பது பெண்களின் வேலையாக இருந்தது. உப்புநீரில் ஊறிய அந்த நார் வெளிர்நிறமாக இருக்கும். இன்று வீட்டுக்கு வீடு இது நடப்பதில்லை என்றாலும், அடித்துப் பழகிய மூதாட்டிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் கதை வேண்டும் என்று கேட்கக் கூடாது. கயிறு எப்படித் திரிப்பது என்று கேட்க வேண்டும். கண்ணூர் அரக்கல் அரச குடும்பம் தீவுகளை ஆண்ட காலத்தில், கயிற்றை அரசு மட்டுமே வாங்கலாம், விலைக்குப் பதில் அரிசி கொடுக்கப்படும் என்ற ஏற்பாடு இருந்தது. அளக்கும் படியும் தராசும் யார் கையில் இருந்தன என்பதைச் சொல்லத் தொடங்கும்போது, பாட்டும் வசையும் கேலியும் தாமாக வந்து சேர்கின்றன. ஆண் ஆய்வாளர்கள் வீட்டுப் பெண்களோடு தனியே உட்கார்ந்து பேசும் வழக்கம் இல்லை. உடன் ஒரு பெண் ஆய்வாளரை அழைத்துச் செல்வதே சரியான வழி.

அந்தக் கயிற்று ஏற்பாட்டின் கசப்பு அரசியலிலும் வெடித்தது. 1783-இல் அமினியிலிருந்து சிலர் துணிந்து மங்களூருக்குச் சென்று, தங்கள் தீவுகளை ஏற்றுக்கொள்ளுமாறு திப்பு சுல்தானிடம் வேண்டினார்கள். அமினி, கட்மத், கில்தான், செத்லாத், பித்ரா ஆகிய வடக்குத் தீவுகள் அவர் ஆட்சிக்குச் சென்றன. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தபோது கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறின. தெற்குத் தீவுகள் அரக்கலிடமே நீடித்தன. 1847-இல் ஆந்த்ரோத்தைத் தாக்கிய கடும்புயலுக்குப் பின் நிவாரணத்துக்காக அரக்கல் வாங்கிய கடன் வட்டியோடு வளர்ந்து, இறுதியில் 1908-இல் அந்த உரிமையும் முடிவுக்கு வந்தது. ஊரில் புயலைப் பற்றிய நினைவும் கடனைப் பற்றிய நினைவும் ஒரே கதையாகக் கலந்து சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன்.

இதன் காகிதப் பக்கத்தைத் தேடுகிறவர்கள் சென்னையில் தொடங்கலாம். 1956 நவம்பர் 1-இல் ஒன்றியப் பகுதியாக ஆகும்வரை வடக்குத் தீவுகள் தென் கன்னட மாவட்டத்தோடும், மற்றவை மலபார் மாவட்டத்தோடும் சேர்த்து மதராஸிலிருந்து ஆளப்பட்டவை. ஆகவே எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் வருவாய்த்துறைக் கோப்புகளைப் பார்க்காமல் தீவுக்குப் போவது வீண். எல்லிஸ் என்ற அதிகாரி எழுதி 1924-இல் மதராஸ் அரசு அச்சகம் வெளியிட்ட சிறு நூலும் கையோடு இருக்கட்டும். அதிகாரியின் கண்ணோட்டம் எரிச்சலூட்டும்; விவரங்கள் பயன்படும். அங்கே படித்த ஒன்றைத் தீவில் சொன்னால், அதை மறுப்பதற்காகவே பெரியவர்கள் நெடுநேரம் பேசுவார்கள்.

உறவுமுறையைப் புரிந்துகொள்ளாமல் இங்கே எந்தக் கதையும் முழுமையாக விளங்காது. மக்கள் முஸ்லிம்கள், குடும்பமோ தாய்வழி. பிள்ளைகள் தாயின் தறவாட்டை, அதாவது தாய்வழிக் கூட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். பழைய வழக்கப்படி கணவர் இரவில் மனைவியின் தறவாட்டுக்கு வந்து, காலையில் தம் தாய்வீட்டுக்குத் திரும்பிவிடுவார். சொத்து இரண்டு வகை. தறவாட்டுக்குப் பொதுவாக, பெண்வழியே இறங்கிவரும் சொத்துக்கு வெள்ளியாழ்ச்சைச் சொத்து என்றும், ஒருவர் தாமே ஈட்டி இஸ்லாமியச் சட்டப்படி பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கக்கூடிய சொத்துக்குத் திங்களாழ்ச்சைச் சொத்து என்றும் பெயர். ஒரே மனிதர் வெள்ளிச் சொத்தில் தாய்மாமனுக்கு மருமகனாகவும் திங்கள் சொத்தில் மகனாகவும் இரண்டு உரிமைகளோடு நிற்கிறார். இரண்டு சட்டங்களும் மோதும் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். நடைமுறையில் மோதல் வருவது, எது எந்தக் கிழமையின் சொத்து என்ற கேள்வியில்தான். அது முன்சீப் நீதிமன்றம்வரை போகும். ஒரு தென்னந்தோப்பு யாருடையது என்ற பேச்சில் நான்கு தலைமுறைக் கதை வெளிவரும். அந்தப் பேச்சைக் கேட்கலாம், பதிவு செய்யக் கூடாது. நடந்துகொண்டிருக்கும் வழக்கில் நம் பதிவு சாட்சியமாகிவிடும் அபாயம் உண்டு, அதன் பிறகு அந்தத் தீவில் நம்மிடம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

தென்னையைப் பற்றிய இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது, எலி நாயாட்டு எனப்படும் எலி வேட்டை. பாம்பு இல்லாத தீவுகளில் தென்னை மண்டையில் குடியிருக்கும் எலிகள் இளங்காயைத் துளைத்து விளைச்சலை அழிக்கும். நெருக்கமாக நின்ற மரங்களில் அவை மட்டைக்கு மட்டை தாவிச் செல்லும் என்பதால், ஒரு தோப்பில் மட்டும் வேட்டையாடிப் பயனில்லை. ஊரின் ஆண்கள் எல்லோரும் ஒன்றாகக் கூடி, சிலர் மரமேறி எலியைக் கலைக்க, மற்றவர்கள் கீழே தடியோடு நிற்பார்கள். இது வேட்டையாக மட்டும் இருக்கவில்லை. கோயாவும் மேலாச்சேரியும் ஒரே வரிசையில் நின்ற அரிய சந்தர்ப்பம் என்பதால், அதைப் பற்றிய நகைச்சுவைக் கதைகளில் எப்போதும் உயர்ந்தவரின் தலையில்தான் எலி விழுகிறது.

கவரத்தியில் உஜ்ரா பள்ளிவாசலின் செதுக்குவேலை கொண்ட மரக்கூரையைப் பார்க்க எல்லோரும் செல்கிறார்கள். அது கரையில் ஒதுங்கிய மிதவை மரத்தில் செதுக்கப்பட்டது என்பது ஊர்ச் சொல். அதே ஊரில் தஃப் என்ற கைப்பறையின் முழக்கத்தோடு நடைபெறும் ராத்தீப் சடங்கில், இறைநாமம் ஓதியபடி சிலர் தம் உடலில் கூரிய ஆயுதங்களால் குத்திக்கொள்வது உண்டு. அதைக் காண அழைக்கப்பட்டால் கருவிகள் எல்லாவற்றையும் தங்குமிடத்தில் வைத்துவிட்டுப் போங்கள். அனுமதி கொடுத்தாலும் படம் எடுக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. வழிபாட்டைத் துண்டுபோட்டு வெளியே காட்டும்போது ரத்தம் மட்டுமே எஞ்சுகிறது.

மினிக்காயைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்பது பாகைக் கால்வாய்க்கு அப்பால், மாலத்தீவுக்கு அருகில் இருக்கும் அத்தீவின் மொழி மலையாள வழக்கு அன்று; மாலத்தீவின் மொழியான திவேஹியின் கிளையான மஹல், வலமிருந்து இடமாகத் தானா எழுத்தில் எழுதப்படுவது. கவரத்தியில் பழகிய பேச்சு இங்கே உதவாது, உள்ளூர் மொழிபெயர்ப்பாளர் தேவை. தொடக்கக் கதையும் வேறு. மாலத்தீவிலிருந்து கம்போரானி, கோஹொரட்டுகமனா என்ற இரண்டு இளவரசிகள் வந்தார்கள். முன்பு அங்கிருந்த திவரு மக்கள் தீவை விட்டு இலங்கைக்குப் போனார்கள். முதல் இளவரசியின் வழியினர் நிலமும் கப்பலும் உடையவர்கள், இரண்டாமவரின் வழியினர் கப்பல் தலைவர்கள். வடக்கே ஒரு மன்னரைத் தேடிப் போன ஆண்கள் கண்டுபிடித்த தீவு, இங்கே இரண்டு பெண்கள் வந்திறங்கிய தீவு. ஒரே ஒன்றியப் பகுதிக்குள் இத்தனை வேறுபட்ட இரண்டு தொடக்கங்கள் இருப்பதை நினைவில் வைக்காமல் “லட்சத்தீவு நாட்டார் மரபு” என்று ஒற்றைத் தலைப்பில் எழுதுவதை நான் ஏற்பதில்லை.

மினிக்காய் ஊர்களுக்கு ஆண் தலைவர் ஒருவரும் பெண் தலைவர் ஒருவரும் உண்டு. ஆண்களில் பெரும்பகுதியினர் தலைமுறைகளாக உலகச் சரக்குக் கப்பல்களில் வேலை செய்பவர்கள் என்பதால், ஊர்க் காரியங்கள் பெண்களின் கையிலேயே இருந்துவந்தன. மார்க்கோ போலோ எழுதிய பெண்கள் தீவு இதுதான் என்று சுற்றுலாக் கையேடுகள் சொல்கின்றன; அவர் காட்டிய இடமோ அரபிக் கடலின் மேற்கில் சொக்கோத்ரா பக்கம், ஆகவே அந்தப் பட்டம் இத்தீவுக்குத் தேவையில்லை. 1885-இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கத்தின் உச்சியில் ஏறிப் பார்த்தால், பிறை வடிவத் தீவும் காயலும் அதற்குள் படகு நுழையும் வாயிலும் ஒருசேரத் தெரியும். கடல் கதைகளில் வரும் இடப்பெயர்களை உள்ளூர்க்காரர் ஒருவரைக் கொண்டு அங்கே நின்று சரிபார்த்துக்கொள்ளலாம். சூரை மீன் பிடிப்பும் அங்கே பார்க்க வேண்டியதே. உயிருள்ள சிறு மீன்களைக் கடல்நீர் ஓடும் படகுத் தொட்டியில் வைத்திருந்து, சூரைக் கூட்டத்தைக் கண்டதும் வீசி, தூண்டிற்கழிகளால் அடுக்கடுக்காகத் தூக்கிப் போடுவார்கள். அந்த மீனை வேகவைத்து, புகையிட்டு, கட்டைபோல் காயும்வரை உலர்த்தியதே தென்மாவட்டத்தாரும் ஈழத்தாரும் அறிந்த மாசி.

கடலறிவைப் பற்றிக் கேட்க விரும்புகிறவர்கள் சொற்களோடு போக வேண்டும். விண்மீன் உயரத்தை அளக்க மாலுமிகள் வைத்திருந்த முடிச்சுக் கயிறு கோத்த ராப்பலகை, அரபு-மலையாள எழுத்தில் கைப்பிரதியாக இருந்த ரஹ்மானி என்ற வழிநூல் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேட்டால், பரணிலிருந்து எடுத்துக் காட்டும் குடும்பங்கள் உண்டு. இந்த அறிவு நூலகத்துக்கு வெளியே எவ்வளவு உயிரோடு இருந்தது என்பதற்கு மினிக்காயில் 1938-இல் பிறந்த அலி மணிக்ஃபான் சான்று. பள்ளிக் கல்வி அதிகம் இல்லாமல் மொழிகளையும் வானியலையும் கப்பல் கட்டும் தொழிலையும் தாமே கற்ற அவர், 1960-லிருந்து மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றினார். ஒரு மீனினத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. ஆணியில்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்து 1980-இல் ஓமானில் கட்டப்பட்ட ‘சோஹர்’ கப்பலின் வேலையில் அவர் பங்கு பெரிது. அக்கப்பல் மஸ்கத்திலிருந்து சீனம் வரை சென்று சேர்ந்தது. 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

தங்கும் வீட்டில் நன்னீரை அளந்து பயன்படுத்துங்கள். பவள மணலுக்கடியில், உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக நிற்கும் மழைநீரே கிணற்றில் ஊறுகிறது. மோட்டார் வைத்து அதிகமாக இறைத்தால் உப்பு ஏறிவிடும். சென்னையின் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கவரத்தியில் 2005-இல் நிறுவிய கடல்நீர் நன்னீராக்கும் ஆலை நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் தருகிறது. அதற்காக விருந்தாளி தாராளமாகக் குளிக்கலாம் என்று ஆகிவிடாது. பங்காரம் தவிர மற்றத் தீவுகளில் மதுவுக்கு நீண்டகாலமாகத் தடை இருந்துவந்திருக்கிறது. பதநீரைக் காய்ச்சி வெல்லப்பாகும் புளிக்கவைத்துக் காடியும் செய்வார்கள். இரண்டும் விருந்தாளிக்குக் கொடுத்தனுப்பப்படும், மறுக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பதிவுகளின் பிரதியை, கதை சொன்ன தறவாட்டில் ஒன்றும் அத்தீவின் பள்ளி நூலகத்தில் ஒன்றுமாகக் கொடுத்துவிட்டே புறப்படுகிறேன். இணையம் எப்போதும் ஒத்துழைக்காது என்பதால் பென் டிரைவில் ஏற்றிக் கொடுப்பதே நடைமுறைக்கு ஏற்றது. எதை வெளியிடலாம், எதை வெளியிடக் கூடாது என்பதை அந்த வீட்டின் மூத்த பெண்ணிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது வழக்கம். கயிற்றுப் பாட்டுகளுக்குப் பெரும்பாலும் தடை சொல்வதில்லை. அரக்கல் அதிகாரிகளை வைது பாடிய சில வரிகளுக்கு மட்டும், அந்த அதிகாரிகளின் வழியினர் இன்றும் அதே தீவில் அண்டை வீட்டுக்காரர்களாக இருப்பதால், வேண்டாம் என்றார்கள்.